நர்சிங் பசங்களுக்கு ஈபிபி சொல்லிக்கொடுக்க காக்ரேன் லைப்ரரி எப்படி இருக்கு?

பி.எஸ்சி நர்சிங் ரிசர்ச் பேப்பர் எடுக்குறவங்களுக்காக எழுதுறேன். ஈபிபின்னா (எவிடன்ஸ் பேஸ்டு ப்ராக்டிஸ், அதாவது ஆராய்ச்சி ஆதாரத்த வச்சு முடிவெடுத்து பேஷண்ட்ட கவனிக்கிறது) போர்டுல ஆதாரத்தோட பலத்தக் காட்டுற பிரமிட் வரைஞ்சு மேல சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கு வந்த ஆராய்ச்சியெல்லாம் தேடிச் சேர்த்து அலசுறது), அடியில எக்ஸ்பர்ட் ஒப்பினியன்னு போட்டு முடிச்சிடுறோம், பசங்களும் அத மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு வார்டுக்குப் போனதும் சீனியர் சிஸ்டர் சொல்றததான் செய்றாங்க.

நான் கிளாஸ்ல காக்ரேன் லைப்ரரி சைட்ட (இந்த மாதிரி ரிவ்யூ எல்லாம் கெடைக்குற இடம்) தொறந்து வச்சுட்டு வார்டு கேள்வியிலதான் ஆரம்பிப்பேன். வென்ஃப்ளான (மருந்து ஏத்த ரத்தக்குழாய்ல போட்டு வைக்கிற சின்ன ட்யூப்) மூணு நாலு நாளைக்கு ஒருதடவ மாத்தியே ஆகணுமா, இல்ல வீங்கினா அடைச்சா மாத்தினா போதுமா? இதுக்குன்னே ஒரு ரிவ்யூ இருக்கு, 2019 அப்டேட்ல 9 ட்ரையல், 7412 பேஷண்ட். ஃப்ளெபைட்டிஸ்ல (ரத்தக்குழாய் வீங்குறது) ரெண்டுக்கும் தெளிவான வித்தியாசம் இல்ல, தேவைப்பட்டா மட்டும் மாத்தினா செலவு கம்மி, ஆனா மருந்து வெளிய கசியுறது ரொட்டீனா மாத்தினவங்களுக்குக் கொறைச்சல். எனக்கு அந்த "ஆனா"தான் பாடமே, அதுக்கப்புறம் கிளாஸே ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்ட போடும். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் ஊசி போட்ட இடத்த பார்க்கணும்னும் அதுல சொல்லியிருக்காங்க, "நம்ம ஜெனரல் வார்டுல அது நடக்குமா மேம்"னு ஒரு பொண்ணு கேட்டா பாருங்க, அந்தக் கேள்விய எந்த பிரமிட் படமும் வரவழைக்காது.

காசு? சுருக்கமெல்லாம் ஃப்ரீ. முழு ரிவ்யூ நிறைய வெளியாகி 12 மாசம் கழிச்சு ஃப்ரீயா வந்துடுது, புதுசுக்கு சந்தா தேவைப்படலாம்.

தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த பசங்களுக்கு இன்னொரு நல்ல விஷயம், சில ரிவ்யூவோட எளிய சுருக்கம் தமிழ்லயே இருக்கு. (காக்ரேனோட தெற்காசிய சென்டர் நம்ம வேலூர் சிஎம்சிலதான் இருந்துச்சு, பசங்ககிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க.) ஆனா அந்தத் தமிழ் பாடப்புத்தகம் மாதிரி கெட்டியா இருக்கும், நீங்க பக்கத்துல உக்காந்து உடைச்சு சொல்லணும்.

கடுப்பாகுறது எங்கன்னா, பாதி ரிவ்யூ ஆதாரம் பத்தலன்னு முடியும், பசங்க "அப்போ என்னதான் பண்றது"ன்னு முழிப்பாங்க. ஃபாரஸ்ட் பிளாட்ட (ஒவ்வொரு ட்ரையலோட முடிவையும் கோடு கோடா ஒரே படத்துல காட்டுறது) முதல் கிளாஸ்லயே காட்டிடாதீங்க, மிரண்டுடுவாங்க. அப்புறம் பிகோ கேள்விய (யாருக்கு, என்ன சிகிச்சை, எதோட ஒப்பிட்டு, என்ன பலன்னு பிரிச்சு எழுதுறது) நோட்டுல எழுத வைக்காம நேரா சர்ச் பாக்ஸுக்கு விட்டீங்கன்னா சுருக்கத்த காப்பி அடிச்சு அசைன்மென்ட்னு குடுத்துடுவாங்க. அதுக்கு சைட்ட குத்தம் சொல்ல முடியாது. என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு.