ஸ்கானியா ஆர், எஸ், வோல்வோ எஃப்எச்16: ஐந்து வருஷம் ஓட்டிப் பார்த்தபின்

ஐரோப்பிய வீதிகளில் லொறி ஓட்டுகிற கணினி விளையாட்டான யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2ஐ விளையாடுகிற எவரும் ஒரு நாள், எந்த லொறியை வாங்குவது என்று ஸ்கானியா ஆருக்கும் ஸ்கானியா எஸ்ஸுக்கும் நடுவில் வந்து நிற்பார்கள். எஞ்சின் பட்டியலைத் திறந்தால் இரண்டிலும் ஒன்றே. நான் வாங்கினபோது உச்சியில் இருந்த 730 குதிரைவலு வி8 (எட்டுச் சிலிண்டர் எஞ்சின்) இதிலும் உண்டு, அதிலும் உண்டு. கியர்பாக்ஸும், அடிச்சட்டமான சேசிஸும் அப்படித்தான். எஸ் கொஞ்சம் விலை கூட, சாரதி இருக்கிற கெபின் கொஞ்சம் உயரம். காசு இருக்கிறது, உயரமானதையே எடுப்போம் என்று நான் எஸ் வாங்கினேன். இரண்டு மாதத்தில் அதை விற்றுவிட்டு ஆருக்கு மாறினேன். மறுகா வோல்வோ, அப்புறம் டாஃப் என்கிற இன்னொரு நிறுவனத்து லொறி, திரும்பவும் ஆர். இந்தச் சுற்று முழுக்க எனக்கு ஐந்து வருஷம் எடுத்தது. அதில் தெரிந்துகொண்டதை எழுதினால், இப்போது கடையில் நின்று யோசிக்கிற ஒருவருக்காவது உதவும்.

நான் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் செங்கலடிக்காரன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட நாட்களில்தான் இந்த விளையாட்டு என்னிடம் வந்தது. அதற்கு முன்பே அது பழைய விளையாட்டு. செக் நாட்டு எஸ்சிஎஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்டது. வீட்டில் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி. மாமா லொறி ஓடுகிறவர். பதுளை வீதியால் அரிசி ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது மலைநாட்டு மரக்கறி கொண்டுவருவார். அந்த நாட்களில் அவருடைய ஈசுசு லொறி வாசலில் கிடந்தது. அவர் என் பின்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு திரையைப் பார்ப்பார். இந்தப் பகிர்வில் அவர் அடிக்கடி வருவார், ஏனென்றால் பாதி விஷயத்தை எனக்குக் காட்டித் தந்தது அவர்தான்.

முதலில் எஸ் கெபினைப் பற்றி. நிஜ உலகில் ஸ்கானியா இந்தப் புதிய தலைமுறையை 2016இல் அறிமுகம் செய்தது. விளையாட்டுக்குள் அது 2018இல் வந்தது. எஸ்ஸின் பெரிய சிறப்பு தட்டையான தரை. கெபினை உயர்த்தி வைத்ததால், எஞ்சினுக்கு மேலே நடுவில் மேடாக எழும்பி நிற்கிற பகுதி இல்லாமல் போய்விட்டது. ஆரில் அந்த மேடு உண்டு. வாரக்கணக்கில் லொறிக்குள்ளேயே படுத்து எழும்புகிற ஐரோப்பியச் சாரதிக்குத் தட்டையான தரை பெரிய வரம். இருக்கையை விட்டு எழும்பி இரண்டு எட்டு நடக்கலாம், நின்றபடி உடுப்பு மாற்றலாம். ஆனால் விளையாட்டில் நாம் இருக்கையை விட்டு எழும்புவதே இல்லை. விளையாட்டு நேரத்தில் 11 மணித்தியாலம் ஓடிக் களைத்துப்போனால் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தி பொத்தானை அழுத்துகிறோம், திரை இருண்டு வெளிக்கிறது. ஆகவே எஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசில் நமக்குக் கிடைப்பது உயரம் மட்டும்தான்.

உயரம் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். நெடுஞ்சாலையில் நல்லதுதான். முன்னால் போகிற கார்களுக்கு மேலாகத் தூரத்து வளைவு தெரியும், இத்தாலிய மலைப்பகுதிகளில் பார்க்க அழகாக இருக்கும். நகரத்துக்குள் வந்தால் நிலைமை மாறுகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது இடப்பக்கம் ஒட்டி நிற்கிற சின்னக் கார் கதவுக்குக் கீழே மறைந்துவிடும். திரும்பும்போது நடைபாதைக் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நான் ஒரே வாரத்தில் மூன்று தடவை காரில் உரசி அபராதம் கட்டினேன். பின்னால் இருந்த மாமா சொன்னார்: "உயரத்தில இருந்தா தூரம் தெரியும் மனே, பக்கத்தில நிக்கிறது தெரியா. நீ தாழ்ந்த கெபினில ஓடு." அன்றைக்குத்தான் எஸ்ஸை விற்றேன்.

ஆரில் ஏறின உடனே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து ரிவர்ஸ் எடுக்கும்போது தெரிந்தது. பின்னால் இழுக்கிற சரக்குப் பெட்டியின் பின்மூலையும் தரையில் போட்டிருக்கிற கோடும் சைட் கண்ணாடியில் ஒன்றாகத் தெரிந்தன. எஸ்ஸில் அதே கோணம் கிடைக்க நான் கண்ணாடியை நன்றாகக் கீழே சாய்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சாய்த்தால் நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான். இருக்கையை ஏற்றி இறக்கவும், முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தவும், கண்ணாடியைத் திருப்பவும் விளையாட்டிலேயே வசதி உண்டு. பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. லொறி வாங்கின அன்றே ஒரு கால்மணி நேரம் அதில் செலவழியுங்கள். அதைச் செய்தபின்னும் எனக்கு ஆர்தான் நல்லதாகப் பட்டது.

ரிவர்ஸைப் பற்றி இவ்வளவு கதைப்பதற்குக் காரணம் உண்டு. சரக்கை இறக்கும் இடத்தில் விளையாட்டு நம்மிடம் கேட்கும்: தானாக நிறுத்தவா, இலகுவான இடமா, கடினமான இடமா என்று. கடினமானதற்குக் கூடுதல் அனுபவப் புள்ளி. நான் எப்போதும் கடினமானதைத்தான் எடுப்பேன், புள்ளிக்காக மட்டுமில்லை. முழுப் பயணத்திலும் சாரதியின் கை தேவைப்படுகிற இடம் அதுதான். மற்ற நேரமெல்லாம் நேர்ப் பாதை. அந்த ஐந்து நிமிடத்தில் லொறி எப்படி ஒத்துழைக்கிறது என்பதை வைத்துத்தான் நான் லொறியை மதிப்பிடுகிறேன்.

வோல்வோ எஃப்எச்16 இங்கேதான் உள்ளே வருகிறது. இதில் 750 குதிரைவலு. ஸ்கானியாவைவிட 20 கூட. முறுக்குவிசையிலும் 3550 நியூட்டன் மீற்றர், ஸ்கானியாவுக்கு 3500. இந்த எண்களை வைத்துக்கொண்டு நானும் என் மச்சானும் எத்தனையோ இரவு வாதாடியிருக்கிறோம். ஓட்டிப் பார்த்தால், 20 தொன் பெட்டியோடு இரண்டும் ஒரே மேட்டை ஒரே மாதிரித்தான் ஏறுகின்றன. வேகக் கட்டுப்பாட்டைப் போட்டு 90இல் ஓடினால் போய்ச் சேரும் நேரமும் ஒன்றுதான். விளையாட்டோடு தனியாக வாங்கிச் சேர்க்கிற கனரகச் சரக்குத் தொகுப்பை எடுத்து 60 தொன் அளவு சாமான் இழுக்கிறவருக்கு மட்டும்தான் இந்தப் பெரிய எஞ்சின்கள் உண்மையில் தேவைப்படும். அங்கேகூட ஸ்கானியாவின் 12+2 கியர்பாக்ஸில் இருக்கிற அந்த இரண்டு ஊரும் கியர்கள்தான் (மிக மெதுவாக நகர்த்துகிற கியர்கள்) ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது கை கொடுத்தன. 20 குதிரைவலு கை கொடுக்கவில்லை.

சத்தம் வேறு விஷயம். ஸ்கானியாவுடையது 16.4 லீற்றர் வி8. வோல்வோவுடையது 16.1 லீற்றர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். 2020இல் விளையாட்டின் ஒலி அமைப்பை மாற்றினார்கள். அதன்பின் சன்னல் கண்ணாடியை இறக்கினால் வெளிச்சத்தம் உள்ளே வரும். மேட்டில் சன்னலைத் திறந்து வி8ஐக் கேட்டுப் பாருங்கள். வோல்வோ ஓடின அந்த ஒன்றரை வருஷமும் எனக்கு அந்தச் சத்தம் இல்லாதது ஒரு குறையாகவே இருந்தது. காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் அது உண்மை.

ஆனால் வோல்வோவில் ஏறி இருந்தால் முன்னால் வெளிச்சம். முன்கண்ணாடியின் இரு பக்கத் தூணும் மெல்லியது. சைட் கண்ணாடிக்கும் அந்தத் தூணுக்கும் நடுவே ஓர் இடைவெளி கிடைக்கிறது. சுற்றுவட்டத்தில் நுழையும்போது வருகிற வாகனம் அந்த இடைவெளியில் தெரியும். இங்கிலாந்தில் சுற்றுவட்டம் எத்தனை என்று ஓடினவர்களுக்குத் தெரியும். நமக்கு இங்கிலாந்து இன்னொரு வகையிலும் சொந்த இடம் மாதிரி, அங்கே நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட வேண்டும். கெபினின் உட்பகுதி மாற்றும் இடத்தில் வலப்பக்க ஸ்டியரிங் என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டுக்கொண்டு கேம்பிரிட்ஜுக்கும் டோவருக்கும் நடுவில் ஓடினபோதுதான் மாமா முதன்முதலாக, "தா பாப்பம்" என்று கையை நீட்டினார். அதுவரை வலப்பக்கம் ஓடுவதைப் பார்த்தால் தலை சுற்றுது என்பார்.

ரிட்டார்டரைப் பற்றி, அதாவது இறக்கத்தில் கால் பிரேக் இல்லாமலே லொறியின் வேகத்தைப் பிடித்து வைக்கிற துணைப் பிரேக்கைப் பற்றி, மாமாவின் பேச்சை இங்கே வைக்க வேண்டும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாக பிபிலைக்கு இறங்குகிற பாதை தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வளைவுக்கு மேல் வளைவு, பாரத்தோடு இறங்கினால் பிரேக் சூடாகி மணம் வரும். மாமா அங்கே கியரைக் குறைத்து, எஞ்சின் புகையை அடைத்து வேகம் குறைக்கிற எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கைத் தொடாமலே இறங்குவார். விளையாட்டில் கியர்பாக்ஸ் வாங்கும்போது ரிட்டார்டர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை வரும். உள்ளது விலை கூட. தொடக்கத்தில் நான் காசை மிச்சம் பிடித்து இல்லாததை வாங்கினேன். நோர்வேயில் கிறிஸ்டியான்சாண்டிலிருந்து ஸ்டவாங்கருக்குப் போகிற பாதையில், இறக்கத்தில் பெட்டி தள்ளத் தள்ள, பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றழுத்தம் இறங்கிவிட்டது. லொறி வளைவில் புரண்டது. மாமா சிரிக்கவில்லை. "இதை எடுக்காம மலைக்குப் போகாத" என்று மட்டும் சொன்னார். எஞ்சினில் ஒரு படி குறைந்ததை வாங்கி, மிஞ்சுகிற காசில் ரிட்டார்டர் கியர்பாக்ஸ் எடுங்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே கொள்முதல் ஆலோசனை இது.

டாஃப் எக்ஸ்ஜி+ பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிஜ லொறியும் விளையாட்டு லொறியும் 2021இல் ஒரே நாளில் வந்தன. 530 குதிரைவலுதான் உச்சம். ஆனால் கதவுச் சன்னலின் விளிம்பு தாழ்வாக இறங்கி வருவதால், உயரமான கெபினாக இருந்தும் எஸ்ஸில் எனக்கு இருந்த தொல்லை இதில் குறைவு. கண்ணாடிக்குப் பதிலாகக் காமராவும் உள்ளே திரையும் போடலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை, ரிவர்ஸில் தூரம் பிடிபடவில்லை. வழமையான கண்ணாடி போட்ட எக்ஸ்ஜி+ நல்ல லொறி. மேன், ரெனோ டி, ஐவிகோ எல்லாம் குயிக் ஜொப் என்கிற கூலி ஓட்டத்தில் ஓடியிருக்கிறேன், சொந்தமாக வாங்கவில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்லமாட்டேன். குயிக் ஜொப்பில் லொறி நிறுவனத்துடையது, டீசலும் அவர்களுடையது. வாங்க நினைக்கிற லொறி அங்கே வரும்வரை காத்திருந்து இரண்டு நடை ஓடிப் பார்ப்பது காசில்லாத சோதனை.

நம் ஊரில் பலரிடம் இருப்பது என்னுடையது போன்ற பழைய கணினிதான். அவர்களுக்கு ஒரு சொல். கண்ணாடிக்குள் தெரிகிற காட்சியையும் கணினி தனியாக வரைய வேண்டியிருக்கிறது. விளையாட்டு திக்கித் திக்கி ஓடினால் எல்லோரும் முதலில் கண்ணாடித் தரத்தைத்தான் குறைப்பார்கள். நானும் அப்படிச் செய்து, ஒரு வருஷம் மங்கலான கண்ணாடியில் ரிவர்ஸ் எடுத்துவிட்டு, லொறியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நிழலையும் புல்லையும் குறையுங்கள், கண்ணாடியை விட்டுவிடுங்கள். அதேபோல விசைப்பலகையில் எல்லா லொறியும் ஒன்றுதான். கட்டாரிலிருந்து வந்த ஒருவரிடம் பாவித்த லொஜிடெக் ஜி29 ஸ்டியரிங் வாங்கினபின்தான் ஆரும் வோல்வோவும் திரும்புகிற விதத்தில் வேறு வேறு என்பது கைக்குத் தெரிந்தது.

நாட்டில் கரண்டுக்கும் டீசலுக்கும் தட்டுப்பாடு வந்த 2022ஐ நினைக்காமல் இதை முடிக்க முடியவில்லை. அப்போது கரண்ட் போகிற நேரத்தைப் பார்த்துத்தான் விளையாட்டில் பயணத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. மடிக்கணினியின் மின்கலம் தாங்குகிற அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டம். அந்த மாதங்களில் மாமாவின் லொறி டீசல் வரிசையில் இரவு பகலாக நின்றது. நான் சாப்பாடு கொண்டுபோவேன். ஒருநாள் இரவு வீட்டுக்கு வந்தவர், நான் விளையாட்டில் எரிபொருள் நிலையத்தில் நிறுத்தி, தாங்கி நிறைய டீசல் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு, "சரி, இன்னும் கொஞ்சத் தூரம் ஓடு, பாப்பம்" என்றார். அன்று கரண்ட் போகும்வரை ஓடினேன்.

இப்போது கராஜில் இரண்டு லொறிதான் வைத்திருக்கிறேன். லண்டனில் வலப்பக்க ஸ்டியரிங் போட்ட வோல்வோ, அது மாமா வந்தால் ஓடுவதற்கு. ஒஸ்லோவில் ஸ்கானியா ஆர்: வி8தான், ஆனால் 730 இல்லை, அதற்குக் கீழே உள்ளது, 4x2 சேசிஸ் (இரண்டு அச்சு, அதில் ஒன்றுக்கு மட்டும் எஞ்சின் இழுவை), ரிட்டார்டர் கியர்பாக்ஸ், இருக்கை ஒரு படி இறக்கி. நேற்று பேர்கனுக்கு 18 தொன் ஏற்றியிருக்கிறேன், இன்னும் புறப்படவில்லை.