மாங்காய் மண்டிக்கு யாரைப் படித்துவிட்டுப் போவது?

போன ஆடியில் கல்யாண ஆர்டர் ஒன்றும் இல்லை. ஆடியில் யாருக்குத்தான் இருக்கும்? கேமரா பையிலேயே தூங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் எனக்காகவே நான்கு ஷூட் திட்டம் போட்டேன். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் சுமை தூக்குகிறவர்களின் முகங்கள், ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட், புதுத் தண்ணீரோடு ஒகேனக்கல், அப்புறம் பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் விடிய விடிய நடக்கிற கூத்து. இதற்கெல்லாம் தயாரிப்பு என்று என்னிடம் இருந்தது இன்ஸ்டாகிராமில் சேமித்து வைத்த 600 சொச்சம் படங்கள். ஒரு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். 600 பேர், ஆளுக்கு ஒரு படம். ஒருவருடைய ஒரே படத்தைப் பார்த்து அவர் எப்படி யோசிக்கிறார் என்று சொல்லவே முடியாது. அவருடைய 100 படத்தை வரிசையாகப் பார்த்தால்தான் இது தற்செயல், இது பழக்கம் என்று பிரித்தெடுக்க முடிகிறது.

சரி, ஒரு ஷூட்டுக்கு ஒரு ஆசான், மிஞ்சிப்போனால் இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டேன். யார் பெரிய போட்டோகிராபர் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நம் ஊர் வெயிலில், கையில் இருக்கிற கேமராவோடு, ஒரு காலைப் பொழுதுக்குள் யாருடைய முறை வேலைக்கு ஆகிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

மண்டி முகங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அமெரிக்க போட்டோகிராபர் ஸ்டீவ் மெக்கரி. நம் பக்கம் புதிதாகக் கேமரா வாங்கிய எவரும் முதல் மாதம் எடுப்பது, தெரிந்தோ தெரியாமலோ, அவர் பாணிப் படம்தான். ஒரு பாட்டி, முகம் முழுக்கச் சுருக்கம், பின்னால் இருட்டு, கண்ணில் சோகம். (பாட்டிக்குச் சோகமெல்லாம் ஒன்றுமில்லை, சோறு ஆக்குகிற நேரத்தில் நிற்க வைத்துவிட்டானே என்ற கடுப்பு.) நானும் நாலைந்து பாட்டிகளைப் படுத்தியவன்தான். மெக்கரியின் பச்சைக் கண் ஆப்கன் சிறுமி படம் எல்லோருக்கும் தெரியும். 1984-ல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் எடுத்து, 1985 ஜூன் நேஷனல் ஜியாகரபிக் அட்டையில் வந்தது. 105 மி.மீ. லென்ஸ், கோடாக்ரோம் பிலிம். நான் வருஷக்கணக்காக அந்தக் கண்ணை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே வந்தது. அது பள்ளிக்கூடமாக நடந்த ஒரு கூடாரத்துக்குள் எடுத்த படம். உச்சி வெயிலைத் துணி தடுத்துவிடுகிறது, முகத்தில் விழுவது மெத்தென்ற வெளிச்சம். இது புரிந்ததும் மண்டியில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது, ஏனென்றால் அங்கேயும் ஒரு கூடாரம் உண்டு, தார்பாய்.

ஆனால் அது நீலத் தார்பாய். முதல் நாள் எடுத்த படங்களை வீட்டில் திறந்தால், ஐம்பது வயது மனிதர் ஒருவர் கிருஷ்ணர் வேஷம் கட்டியவர் மாதிரி நீலம் பாரித்து நிற்கிறார். படத்தின் நிறத்தை மாற்றுகிற ஒயிட் பேலன்ஸை இழுத்து முகத்தைச் சரி செய்தால், ஓரத்தில் வெயில் பட்ட மாங்காய்க் குவியல் ஆரஞ்சுப் பழம் ஆகிவிடுகிறது. மறுநாள் ஆளைத் தார்பாயின் விளிம்புவரை கூட்டி வந்து, முகம் வெளியே வானத்தைப் பார்க்கிற மாதிரி நிற்க வைத்து, கீழே ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொன்னேன், நீலம் போய்விட்டது. மெக்கரியிடம் கற்றது இது ஒன்று, போதும். அந்தச் சிறுமி யார் என்பது 2002-ல் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது என்பதும், 2016-ல் மெக்கரியின் சில படங்களில் ஆட்களும் பொருட்களும் கணினியில் அழிக்கப்பட்டிருந்தது வெளியே வந்ததும் எனக்கு உறுத்தல். அவர் படங்களில் எல்லாம் அத்தனை சுத்தமாக இருப்பதால், அதைப் பார்த்துத் திட்டம் போட்டால் நாமும் ஓரத்தில் கிடக்கிற கோணிப்பையை ஒதுக்க ஆரம்பித்துவிடுகிறோம், கடைசியில் மண்டி மண்டியாக இருப்பதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ரிச்சர்ட் அவெடான். பேஷன் பத்திரிகைகளுக்கு எடுத்துப் பேர் வாங்கிய நியூயார்க்காரர், 1979-லிருந்து 1984 வரை ஆமோன் கார்ட்டர் மியூசியத்துக்காக அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களைச் சுற்றி சுரங்கத் தொழிலாளி, லாரி டிரைவர், கசாப்புக்கூடத்தில் வேலை செய்கிறவர் என்று 752 பேரை எடுத்தார், சுமார் 17,000 பிலிம் தாள்கள் செலவு. எல்லோரையும் ஒரே மாதிரிதான். கட்டடத்தின் நிழல் பக்கச் சுவரில் ஒரு வெள்ளைக் காகிதம், 8-க்கு 10 அங்குலப் பிலிம் தாள் போடுகிற பெரிய கேமரா, வேறு விளக்கு கிடையாது. நம் ஊரில் இருபது ரூபாய்கூடச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஏற்பாடு இது என்பது படித்தபோது எனக்கே ஆச்சரியம். அவர் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் பக்கத்தில் நின்று எதிரில் இருப்பவரை நேராகப் பார்த்துக்கொண்டே எடுப்பாராம். திட்டம் என்றால் இவரிடம்தான் திட்டம். உடம்பெல்லாம் தேனீ மொய்க்க நிற்கிற மனிதரின் படம் ஒன்று உண்டு, 1981. அதற்குத் தேனீ வளர்ப்போர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் தேடி, முன்கூட்டியே படம் வரைந்து பார்த்து, பூச்சியியல் நிபுணர் ஒருவரை வைத்து ராணித் தேனீயின் வாசனைப் பொருளை அவர் மேல் தடவி எடுத்தார். தற்செயலுக்கு இடமே வைக்கவில்லை.

நான் அப்பாவின் எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துப்போய், பச்சைக் கரை தெரியாமல் மடித்து, மண்டி குடோனின் வடக்குச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். அவ்வளவுதான், ஒரு கூட்டமே கூடிவிட்டது. “என்ன தம்பி, ஆதார் போட்டோவா?” என்றார் ஒருவர். வெள்ளைப் பின்னணி என்றால் நம் ஜனங்களுக்கு ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட். வந்து நின்ற முதல் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காதும் தெரிய, தாலுகா ஆபீஸில் நிற்கிற மாதிரிதான் நின்றார்கள். இதற்கு அவெடானிடம் பதில் இல்லை, அவர் எடுத்தவர்களுக்கு ஆதார் இல்லை. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ரிமோட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று, அடுத்து வந்தவரிடம் இந்த வருஷம் பெங்களூரா மாங்காய் என்ன விலை போச்சு என்று கேட்டேன். விலை என்றதும் ஆளே மாறிவிட்டார். மாங்கூழ் பேக்டரிக்கு என்ன ரேட்டுக்குப் போகிறது, தோப்புக்காரனுக்கு என்ன மிஞ்சுகிறது என்று அவர் கையை நீட்டிப் பொரிந்து தள்ளும்போது அழுத்தியதுதான் நல்ல படம். அந்த நீட்டிய கையில், மணிக்கட்டுக்கு மேலே, மாம்பால் பட்டு வெந்த தழும்புகள் கறுப்பாக வரிசையாக இருந்தன. கூட்டமும் குவியலும் லாரியும் பின்னால் இருந்திருந்தால் அந்தத் தழும்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், நானும்தான். முகம் எடுக்க ஒரு காலை நேரம்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு அவெடானுக்கு.

ராயக்கோட்டை கதை வேறு. மார்க்கெட்டில் யாரையும் நிறுத்தி வைக்க முடியாது, தக்காளி நிற்காது. இங்கே போட்டி பிரெஞ்சு போட்டோகிராபர் கார்டியே-பிரெஸ்ஸோனுக்கும் நம் நாட்டு ரகுபீர் சிங்குக்கும். பிரெஸ்ஸோனைப் பற்றி நம் ஆட்கள் சொல்வதெல்லாம் ‘அந்தக் கணம்’ ஒன்றுதான், என்னவோ அவர் தெருவில் நடந்துகொண்டே கிளிக் கிளிக் என்று அதிர்ஷ்டத்தை அள்ளிய மாதிரி. 1932-ல் பிரான்ஸில் இயேர் என்ற ஊரில் எடுத்த படத்தைப் பாருங்கள், மேலிருந்து சுழன்று இறங்கும் படிக்கட்டு, கீழே தெருவில் கலங்கலாக ஒரு சைக்கிள். படிக்கட்டு எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. பிரேமை முதலில் கட்டிக்கொண்டு, ஆள் வரும்வரை காத்திருப்பது என்று இதை நான் வாசிக்கிறேன், அப்படி வாசித்தால் அது நாமும் போடக்கூடிய திட்டம் ஆகிவிடுகிறது. 50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும், பிளாஷ் வேண்டாம். ஆனால் ராயக்கோட்டையில் நான் அழகாகக் கட்டிய பிரேமுக்குள் பத்தாவது நிமிஷம் ஒரு லாரி வந்து பின்பக்கத்தைக் காட்டி நின்றது, மதியம்வரை அது கிளம்பவே இல்லை. பிறகு ஒரு நாள் தீர்த்தமலைப் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதே முறையில் ஒரு படம் கிடைத்தது. நகராத இடத்துக்குத்தான் அவர்.

ரகுபீர் சிங் 1942-ல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999-ல் மறைந்தவர், வண்ணம் இல்லாமல் இந்தியாவைக் காட்ட முடியாது என்று கடைசிவரை வாதாடியவர். தமிழ்நாட்டைச் சுற்றி எடுத்து ஒரு தனிப் புத்தகமே போட்டிருக்கிறார். ஆனால் எனக்கு உதவியது அவருடைய அம்பாசடர் கார் வரிசை. காரின் கதவு, ஜன்னல், கண்ணாடி எல்லாம் படத்தைத் துண்டு துண்டாக வெட்டும், ஒவ்வொரு துண்டிலும் வேறு வேறு ஆள் வேறு வேறு வேலையில் இருப்பார். குறுக்கே வந்து நிற்கிற வண்டிதான் அங்கே பிரேம். இதைப் பார்த்த பிறகு மறுபடி ராயக்கோட்டைக்குப் போனேன், இந்த முறை லாரியைத் திட்டவில்லை. குட்டி யானை வண்டியின் திறந்த கதவு இடுக்கில் பெட்டி அடுக்குகிற பெண்கள், பக்கவாட்டுக் கண்ணாடியில் ஏலம் கூறுகிறவரின் வாய், நடுவில் சிவப்பு. குறை ஒன்று உண்டு. இவர் மாதிரி எடுத்தால் பத்துக்கு ஒன்பது படம் வெறும் குப்பையாகத்தான் வரும், எதைப் பார்ப்பது என்றே தெரியாது, எனக்கும் வந்தது. இருந்தாலும் நம் சந்தைகளுக்கு இவரைவிடப் பொருத்தமான ஆசான் எனக்குத் தெரியவில்லை.

ஒகேனக்கல்லுக்கு, மலையும் பாறையுமாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸ் என்பதில் போட்டியே இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுத்த பாறையும் வெள்ளைத் தண்ணீரும் ஒரே படத்தில், ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று போய்விடும். 1941-ல் நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் ஊருக்கு மேல் நிலா எழுந்தபோது அவருக்கு வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டர் கையில் அகப்படவில்லை, நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்ததால் கணக்குப் போட்டு எடுத்தார், அடுத்த படத்தை எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அந்த மாதிரி மண்டையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய பாடம் இவர். ஒரு எச்சரிக்கை, நிழலுக்கு எக்ஸ்போஸ் பண்ணு, அதாவது இருட்டான பகுதி தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தை விடு என்ற அவருடைய விதி நெகட்டிவ் பிலிமுக்கானது. டிஜிட்டலில் தலைகீழ், அருவியின் வெள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு பாறையைப் பிறகு கணினியில் தூக்க வேண்டும். இது தெரியாமல் போன முதல் தடவை என் அருவி முழுக்க வெறும் வெள்ளைச் சுவர். இந்த முறை நான் போன நாள் தண்ணீர் ஏறிப் பரிசலும் நிறுத்திவிட்டார்கள், பார்வைக் கோபுரத்திலிருந்து எடுத்ததோடு சரி.

கூத்துக்கு வெளிநாட்டுக்காரர் யாரையும் தேடவில்லை. மதுரைக்காரர் எம். பழனிகுமார் போதும், கிராமத்து வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற பாரி (PARI) இணையதளத்தில் இவருடைய படக் கட்டுரைகள் தமிழிலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. ராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்களைப் பற்றிய படங்களில் அவரும் அவர்களோடு கடலில்தான் இருக்கிறார், கரையில் நின்று ஜூம் பண்ணவில்லை. அதில் லைட்டிங் குறிப்பு எதுவும் தேடாதீர்கள், எத்தனை நாள் போயிருப்பார் என்று மட்டும் யோசியுங்கள். நான் முதல் ராத்திரி கேமராவை வெளியே எடுக்காமல் சாயங்காலமே போய் ஒப்பனைக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டேன். கைக்கண்ணாடியை முழங்காலில் சாய்த்து, அரிதாரத்தை விரலால் இழைத்து இழைத்துத் தடவிக்கொண்டிருந்த துரியோதனன், பத்து மணிவாக்கில் என்னிடம் டீ வாங்கி வரச் சொன்னார். அடுத்த ராத்திரி எடுத்த படங்களில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அதற்கு அந்த டீதான் காரணம் என்று நினைக்கிறேன். அவெடானை இங்கே கொண்டுவந்து வேட்டி கட்டியிருந்தால் கதை கந்தல்.

சீசன் முடிகிற வாரம், மாம்பால் தழும்புக்காரருக்குப் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன், 12-க்கு 18 அங்குலம், மேட் பேப்பரில். இரண்டு கையாலும் வாங்கி, தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி மாங்கா எங்க தம்பி?” என்றார். நான் வெள்ளைப் பின்னணியின் மகிமையை விளக்க ஆரம்பிப்பதற்குள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கடைசி லோடு ஏறிக்கொண்டிருந்த லாரிக்கு முன்னால், உச்சி வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றுவிட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் வீட்டில் மாட்டியிருப்பது அதுதான். அவெடான் படம் பீரோவுக்குள் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்.