சிங்கப்பூரில் ராயல் கரீபியன் கப்பலேறும் முதல் நாள்: எது சுலபம், எது இழுபறி

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் சுற்றி வரும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் சுற்றுலாக் கப்பல்களில் நம் ஆட்களின் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. இந்தத் தடத்தில் வந்துபோன ஸ்பெக்ட்ரம், ஆந்தம் போன்ற குவான்டம் வகைக் கப்பல்கள் ஒவ்வொன்றும் 1,68,000 மொத்த டன்னைத் தாண்டியவை. அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே நாலாயிரம் பேருக்கு மேல் வருகிறது. அத்தனை பேரும் ஒரே பகலில் ஏறி முடிக்கிறார்கள். கூட்டத்தை நகர்த்துவதில் இந்த நிறுவனம் கெட்டி. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதில் பாதி வேலை பயணியின் தலையில்தான் விழுகிறது, அதுவும் செல்போன் செயலி வழியாக. வீட்டிலேயே அதை முடித்துவிட்டு வருபவர் வாசலில் நுழைந்து அரை மணி, முக்கால் மணியில் கப்பலுக்குள் இருப்பார். முடிக்காதவருக்கு மதியம் முழுக்கக் கவுண்டர் முன்னால் கழியும்.

முதலில் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கப்பல்கள் நிற்பது 2012இல் திறந்த மெரினா பே குரூஸ் சென்டரில். ஹார்பர்ஃபிரண்டில் சிங்கப்பூர் குரூஸ் சென்டர் என்று இன்னொன்று இருக்கிறது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு ஃபெர்ரிகள் பலவும் போவது அங்கிருந்து. டாக்ஸியில் ஏறி 'குரூஸ் சென்டர்' என்று மொட்டையாகச் சொன்னால் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட வாய்ப்புண்டு. லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்கள் எம்ஆர்டி ரயிலில் ஒரே நிறுத்தம் தள்ளி டோபி காட்டில் இறங்கி, வடக்கு-தெற்கு சிவப்புப் பாதைக்கு மாறினால், கடைசி நிலையமான மெரினா சவுத் பியருக்கே வந்துவிடலாம். அங்கிருந்து முனையத்துக்குப் பத்து நிமிட நடை. கைப்பையோடு வருபவருக்கு அது ஒன்றுமில்லை. ஆளுக்கொரு பெரிய பெட்டியும் வயதானவர்களும் கூட இருந்தால் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அந்தப் பத்து நிமிடம் போதும், சட்டையைப் பிழியலாம். நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி என்றால் சாதாரண டாக்ஸியின் டிக்கி கொள்ளாது. ஆறு பேர் உட்காரும் வண்டியாகப் பதிவு செய்யுங்கள்.

சென்னையிலிருந்து விமானம் நான்கு மணி நேரத்தைச் சுற்றித்தான் என்பதால், இரவு ஏறிக் காலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி அப்படியே கப்பலுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் பலர். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. கப்பல் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே, குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்னால், கவுண்டரை மூடிவிடுவார்கள். பயணிகள் பட்டியல் அதிகாரிகளுக்குப் போயாக வேண்டும். முந்தைய நாளே வந்து ஓர் இரவு தங்குவதுதான் சரி.

காகித விஷயத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குப் பலமுறை நுழையும் சிங்கப்பூர் விசா வேண்டும். கப்பல் மலேசியா, தாய்லாந்து போய்விட்டுத் திரும்பி வருவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. ஒருமுறை விசாவோடு வந்தால் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்டு, சிங்கப்பூருக்குள் நுழைபவர் இணையத்தில் நிரப்பும் படிவம். விமானத்தில் வரும்போது ஒன்று நிரப்பியிருப்பீர்கள். கப்பலில் திரும்பும்போது புதிதாக இன்னொன்று வேண்டும். வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். லிட்டில் இந்தியாவின் முஸ்தபா கடையில் நகையோ மின்சாதனமோ வாங்கியவர்கள் ஜிஎஸ்டியைக் கப்பல் முனையத்திலேயே திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைப்பதுண்டு. சிங்கப்பூரில் தொடங்கி சிங்கப்பூரிலேயே முடியும் சுற்றுப் பயணத்துக்கு அது கிடையாது. ஊர் திரும்பும் நாளில் சாங்கியில்தான் கேட்க வேண்டும். அதுவரை பில்லையும் பொருளையும் கைவசம் வைத்திருங்கள்.

பயணத்துக்கு 45 நாள் இருக்கும்போது செயலியில் செக்-இன் திறக்கும். பாஸ்போர்ட் பக்கம், முகப்படம், கடன் அட்டை, முனையத்துக்கு வரும் நேரம் என நாலு வேலை. காலை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் திறந்த அன்றே தேர்ந்தெடுப்பது நல்லது. படத்தை வெள்ளைச் சுவர் முன்னால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள். நிழல் விழுந்தாலும் தொப்பி இருந்தாலும் செயலி ஏற்காது. பிறகு கவுண்டரில் நின்று மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். இந்த ஏற்பாட்டின் பெரிய குறையும் இங்கேதான். ஸ்மார்ட்போன் புழங்காத அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பி வைத்தால் திண்டாடிப்போவார்கள். ஒரே பதிவில் இல்லாவிட்டாலும், அவர்களுடைய முன்பதிவை உங்கள் செயலியோடு இணைத்துவிட்டால் நீங்களே முடித்துக் கொடுக்கலாம்.

பெட்டிக்கான அட்டையைச் செயலியிலிருந்து அச்செடுத்து, நான்காக மடித்து, கைப்பிடியில் சுற்றி ஸ்டேப்ளர் அடித்து, மேலே அகலமான டேப் ஒட்டுங்கள். வெறும் காகிதம் கிழிந்துபோனால் யார் பெட்டி என்று தெரியாமல் அது ஓரமாகக் கிடக்கும். முனைய வாசலில் ஒப்படைத்த பெட்டி அறை வாசலுக்கு வர மாலையாகும், சில சமயம் இரவு எட்டு ஒன்பதுகூட ஆகும். மாத்திரைகள், பாஸ்போர்ட், சார்ஜர், குழந்தைக்கு ஒரு செட் துணி, நீச்சலுடை இவை தோளில் தொங்கும் பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்று தேடுபவர்கள் உண்டு. சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு நகல் கையில் இருந்தால் நிம்மதி.

இரவாகியும் பெட்டி வரவில்லை என்றால் முக்கால்வாசி காரணம் உள்ளே இருக்கும் பொருள்தான். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர், தண்ணீர் சூடாக்கும் ராடு என்று சூடேறும் எதுவும் ஆகாது. எக்ஸ்டென்ஷன் போர்டும் பல பிளக் செருகும் அடாப்டரும் 2024 முதல் தடை. கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் வேறு இல்லை என்பதால் இதில் கெஞ்சிப் பயனில்லை. எக்ஸ்-ரேயில் தெரிந்ததும் பெட்டியைப் பாதுகாப்பு அறைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். நீங்கள் போய்த் திறந்து காட்டி, பொருளைக் கொடுத்துவிட்டு மீதியை வாங்கி வர வேண்டும். கடையில் வாங்கிய சீல் பிரிக்காத முறுக்கு, மிக்சர், பிஸ்கட்டுக்குத் தடையில்லை. வீட்டிலிருந்து கட்டி வரும் புளியோதரையை முனையத்துக்கு வெளியே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு வெந்நீர் பஃபேயில் கிடைக்கும், ஒரு ஃபிளாஸ்க் போதும்.

கப்பலுக்குள் கால் வைத்ததும் எல்லோரும் லிப்ட் பிடித்து 14ஆம் தளத்து விண்ட்ஜாமர் பஃபேக்கு ஓடுவார்கள். முதல் நாள் ஒரு மணிக்கு அங்கே தட்டோடு மேஜை தேடி அலைவதில் அர்த்தமில்லை. நாலாம் தளத்து சொரென்டோஸில் பீட்சா, ஐந்தாம் தளத்தின் பின்கோடியில் உள்ள கஃபேயில் சூப்பும் சாண்ட்விச்சும் கிடைக்கும். இரண்டும் கட்டணத்தில் அடக்கம், கூட்டமும் குறைவு. குழந்தைகள் இருந்தால் நேரே நீச்சல் குளம். அன்று மதியம்போல் அது காலியாக வேறு எப்போதும் இருக்காது. டயபர் கட்டும் குழந்தைகளைக் குளத்தில் இறக்க விடமாட்டார்கள்.

அதற்கு முன் ஒரு வேலை உண்டு, அவசரகாலப் பயிற்சி. செயலியில் பாதுகாப்பு வீடியோவைப் பார்த்து, ஏழு குட்டை ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமாக வரும் அபாயச் சங்கைக் கேட்டு, அறைச் சாவியான சீபாஸ் அட்டையில் அச்சிட்டிருக்கும் கூடுமிடத்துக்கு நேரில் போக வேண்டும். ஊழியர் அட்டையை ஸ்கேன் செய்து, உயிர்காப்பு உடை அணிவதைக் காட்டி அனுப்பிவிடுவார்; வரிசை இல்லாதபோது ஐந்து நிமிடம். வீடியோ பார்த்தால் போதும், நேரில் போகத் தேவையில்லை என்று இருந்துவிட்டால் கணக்கில் ஏறாது; மாலையில் ஒலிபெருக்கியில் விரட்டிக்கொண்டே இருப்பார்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கன்கார்டியா இத்தாலியின் ஜில்யோ தீவருகே கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்றே ஏறிய பல நூறு பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அன்றைய விதி 24 மணி நேர அவகாசம் தந்திருந்தது. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ முடித்தாக வேண்டும். பழையபடி எல்லோரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்ததைவிட இப்போதைய முறை எவ்வளவோ மேல். இந்த நிறுவனத்தின் ஏற்பாடுகளில் முழு மதிப்பெண் தரத் தக்கது இதுதான்.

அறை மதியம் ஒரு மணி வாக்கில் திறக்கும். சீபாஸ் அட்டை கதவருகே உறையில் இருக்கும். உள்ளே நுழைந்ததும் சுவரில் உள்ள துளையில் ஏதாவது ஓர் அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும். பழைய பஸ் பாஸ் இருந்தால்கூடப் போதும். மின்சாரத்துக்கு அமெரிக்கத் தட்டைப் பின்னும் ஐரோப்பிய உருண்டைப் பின்னும் உண்டு. நம்மூர் இரண்டு பின் செல்போன் சார்ஜர் ஐரோப்பியத் துளையில் ஏறிவிடும். மூன்று பின் ஏறாது. சிங்கப்பூரில் வாங்கிய சதுரப் பின் சார்ஜரும் ஏறாது. சுவர் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி நான்கு கொண்டுபோனால் ஈரத் துணியும் பையும் மாட்ட வசதி. பெரிய பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடும். உள்பக்க அறை எடுத்தவர்களுக்குக் கடலை நேரலையில் காட்டும் 80 அங்குலத் திரை ஒன்று உண்டு. பகலா இரவா என்று தெரியாத அந்த அறைகளுக்கு அது நல்ல வரம். சொல்லக் கூச்சப்படக் கூடாத ஒன்று: சாதாரண அறைகளின் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, டிஷ்யூ மட்டும்தான். ஒரு பிளாஸ்டிக் கப் பெட்டியில் இருக்கட்டும். வெற்றிடத்தால் உறிஞ்சும் கழிப்பறை என்பதால் வேறு எதைப் போட்டாலும் அடைத்துக்கொள்ளும், பக்கத்து அறைகளையும் சேர்த்து.

செலவுக் கணக்கு அமெரிக்க டாலரில். டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலரை ஒட்டித் தானாகவே ஏறும். நான்கு பேருக்கு நான்கு இரவு என்றால் 290 டாலர் பக்கம். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். டெபிட் அல்லது ஃபாரெக்ஸ் அட்டையைப் பதிந்தால் தினமும் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபட நாளாகும். கடன் அட்டையோ ரொக்க டெபாசிட்டோதான் மேல். கப்பல் கிளம்பியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். செயலி கப்பல் வைஃபையில் காசில்லாமல் ஓடும். ஆனால் நடுக்கடலில் செயற்கைக்கோள் வழி ரோமிங் பிடித்துவிட்டால் பில் மலைக்க வைக்கும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பஃபேயின் இந்தியப் பிரிவில் பருப்பு, பனீர், சாதம், ரொட்டி என்று சமாளித்துவிடலாம். வடநாட்டுக் குழம்புதான் அதிகம், இட்லி சாம்பாரை எதிர்பார்க்க வேண்டாம். மூன்று, நான்காம் தளத்து உணவு மண்டபத்தில்தான் உண்மையான கவனிப்பு. முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் வெங்காயம் பூண்டு வேண்டாம், முட்டை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் அடுத்த நாளிலிருந்து சமையலறை தனியாகச் செய்து தரும். அன்றைக்கன்று மேஜையில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் வெந்த காய்கறிதான் வரும்.