போர்த்தா பெயரில் ஓடும் எஞ்சின்: உஷுவாயாவின் குட்டி ரயில்

அர்ஜென்டினாவின் தென்கோடி நகரமான உஷுவாயாவுக்கு மேற்கே 8 கிலோமீட்டரில் ஃபின் தெல் முந்தோ நிலையம். அங்கிருந்து தியெரா தெல் ஃபுவேகோ தேசியப் பூங்காவுக்குள் 7 கிலோமீட்டர் போகிறது இந்தச் சுற்றுலா ரயில். தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 500 மில்லிமீட்டர், மீட்டர் கேஜில் சரிபாதி. ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பூங்கா நுழைவுக் கட்டணம் டிக்கெட்டில் சேராது, தனியாகக் கட்ட வேண்டும்.

ரயில் பிரியர்கள் இங்கே தேடிப் பார்க்க வேண்டியது, 2003 ஜூனில் மறைந்த நீராவிப் பொறியாளர் லிவியோ தாந்தே போர்த்தாவின் பெயர் தாங்கிய காரட் (Garratt) வகை எஞ்சின். முன்னும் பின்னும் தனித்தனியே திரும்பும் சக்கரத் தொகுதிகள், நடுவே தொட்டில் கட்டியதுபோல் கொதிகலன். வளைவு இறுக்கமான பாதைக்கு இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. போர்த்தாவின் வழியில் வந்த பொறியாளர்கள் இதைத் திருத்தி அமைத்தார்கள். சிலை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

போர்த்தாவின் கைவண்ணம் புகைபோக்கியில்தான். பிஸ்டனை விட்டு வெளியேறும் நீராவிதான் புகையை இழுத்து நெருப்புக்குக் காற்று ஊட்டுகிறது. அந்த நீராவி பீய்ச்சும் முனையான நாசியின் துளையைச் சிறிதாக்கினால் இழுப்பு கூடும். ஆனால் நீராவி வெளியேற முடியாமல் பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளும், வலு குறையும். அவருடைய லெம்போர் அமைப்பில் நீராவி நான்கு நாசிகளாகப் பிரிந்து, புகையோடு நன்றாகக் கலந்து, மேலே விரியும் குழாய் வழியே போகிறது. குறைந்த எதிரழுத்தத்தில் அதே இழுப்பு. நாசிகள் புகைபோக்கியின் மையக்கோட்டை விட்டு விலகினாலோ, புகைப்பெட்டிக் கதவில் காற்று கசிந்தாலோ பலன் போய்விடும்.

இன்னொன்று அவருடைய எரிப்பு முறை. 750 மில்லிமீட்டர் கேஜில் ஓடிய, அர்ஜென்டினாவின் ரியோ துர்பியோ நிலக்கரி ரயிலில் அதைச் செய்து காட்டினார். கரிப்படுகையைத் தடிமனாகப் போட்டு, அடியில் காற்றைக் குறைத்து, பெரும்பகுதியை மேலே விடுவது. அடிக்காற்று மிஞ்சினால் பொடிக்கரி எரியாமலே புகையோடு பறந்துவிடும். சாம்பல் உருகிக் கிட்டம் கட்டாமலிருக்க அடியில் கொஞ்சம் நீராவியும் விட்டார். அந்தச் சின்ன எஞ்சின்கள் 1,700 டன் இழுத்தன.

மக்கரேனா நிலையத்தில் வண்டி கால் மணி நேரம் நிற்கும். அதற்குள் அருவியைப் பார்க்க ஏறிவிட்டு எஞ்சினையும் நிதானமாகப் பார்க்க முடியாது. எஞ்சினைப் புறப்படும் நிலையத்திலேயே சீக்கிரம் வந்து பார்த்துவிடுங்கள். இது 1947-ல் உஷுவாயா சிறை மூடப்படும் வரை கைதிகளை விறகு வெட்டக் கொண்டுபோன பாதை. அவர்கள் வெட்டிய அடிமரங்கள் இன்னும் ஜன்னலுக்கு வெளியே நிற்கின்றன: கோடையில் வெட்டியவை தரையோடு, பனிக்காலத்தில் வெட்டியவை பனி நின்ற உயரத்துக்கு.