இக்னிஷன் ஸ்விட்ச் மாற்றி 3 வருடம்: இரண்டு சாவியோடு பட்ட பாடு

பைக்குக்கு இக்னிஷன் ஸ்விட்ச், அதாவது சாவி போட்டுத் திருப்பும் பூட்டு, மாற்றி 3 வருடம் ஆகிறது. மாற்றிய வாரத்திலேயே எழுதியிருந்தால் 'அரை மணி நேர வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம்' என்று எழுதியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

பழைய ஸ்விட்ச் இரண்டு விதமாகப் படுத்தியது. ஹேண்டிலை இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் நியூட்ரல் விளக்கு அணையும், நேராக்கினால் எரியும். அது போதாதென்று வண்டி ஓடும்போதே சாவி கழன்று வந்துவிடும், எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நான் செய்த முதல் முட்டாள்தனம், விளக்கு அணைவதைப் பார்த்து பேட்டரியை மாற்றியது. புது பேட்டரியிலும் விளக்கு அதே கோணத்தில் அணைந்தது.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். சாவியை ஆன் செய்து, ஹெட்லைட் எரியும்போது பேட்டரியில் 12.4 வோல்ட். ஸ்விட்சைத் தாண்டி வெளியே வரும் வயரில் 11.1. நடுவில் 1.3 வோல்ட் ஸ்விட்சுக்குள்ளேயே தொலைந்துகொண்டிருந்தது. ஹோண்டா வழிவந்த பல வண்டிகளில் சிவப்பு வயர் பேட்டரியிலிருந்து வருவது, கறுப்பு வயர் சாவி போட்டால் கரண்ட் எடுத்துப் போவது. மற்ற கம்பெனிகளில் நிறம் வேறாக இருக்கும், அந்தந்த வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

இக்னிஷன் ஸ்விட்ச் என்பது ஒரே கூட்டுக்குள் இரண்டு குடித்தனம். மேலே பூட்டு, கீழே கரண்ட் போகும் காண்டாக்ட் தட்டு. பூட்டு சுழலும்போது அதன் வால் கீழே இருக்கும் தட்டைச் சுழற்றி, செம்புப் புள்ளிகளைச் சேர்த்துவிடுகிறது. பல மாடல்களில் கீழ்த்தட்டை இரண்டு மூன்று ஸ்க்ரூவையோ கிளிப்பையோ எடுத்தால் தனியாகக் கழற்றலாம். கரண்ட் கோளாறு மட்டும்தான் என்றால் அந்தக் கீழ்ப்பாதியை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய சாவியையே வைத்துக்கொள்ளலாம். சாவிப் பிரச்சினையே எழாது. கடையில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, முழு செட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். என் வண்டியில் இரண்டு பாதியுமே போயிருந்ததால் முழுசாகவே மாற்ற வேண்டியதாயிற்று.

கழற்றும்போது தலைவலி கொடுத்தது வயர் இல்லை, போல்ட். திருடன் எளிதாகக் கழற்றிவிடக் கூடாது என்று, இறுக்கும்போதே தலை முறிந்துவிடும் போல்ட்டைக் கம்பெனியில் போட்டிருந்தார்கள். ஸ்பேனர் பிடிக்க இடமே கிடையாது. உளியின் முனையை ஓரத்தில் வைத்து, இடச்சுற்றாகத் திரும்பும்படி சின்னச் சுத்தியலால் தட்டித்தட்டியே எடுத்தேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலிலேயே கழற்றி வைத்தது நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். திரும்பப் போடும்போது சாதாரண ஆலன் போல்ட் போட்டேன். பாதுகாப்பு குறைவுதான், தெரிந்தே செய்தேன்.

மாட்டும்போது ஒரு தப்பு நடந்தது. வயர் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஃபிரேமோடு சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிவிட்டேன். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் அந்த இடத்திலேயே வயர் மடங்கி, எட்டு மாதத்தில் மேலுறை நல்லபடியாக இருக்க, உள்ளே செம்பு இழை அறுந்துபோனது. மறுபடி அதே நியூட்ரல் விளக்கு நாடகம்! ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, வயர் தொய்வாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே டை போட வேண்டும்.

சரி, சாவிக்கு வருவோம். புது ஸ்விட்ச் புது சாவியோடு வந்தது. டேங்க் மூடிக்கும் சைடு பாக்ஸுக்கும் பழைய சாவி. இரண்டு சாவிதானே என்று ஒரு வருடம் ஓட்டினேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் தப்பான சாவிதான் முதலில் கைக்கு வரும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். ஒருநாள் பொறுமை போய் டேங்க் மூடியைப் பிரித்தேன்.

பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். தகட்டின் நடுவே ஒரு ஓட்டை. அந்த ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் தகட்டுக்குத் தகடு வித்தியாசம். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடும் உருளைக்குச் சமமாக அமுங்கி, உருளை சுழலும். ஒன்று துருத்தினாலும் சுழலாது. இதைப் பிரிப்பதைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். என்னுடைய முதல் ஸ்பிரிங் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

புது சாவியை டேங்க் உருளைக்குள் நுழைத்தேன். இரண்டின் பக்கவாட்டுப் பள்ளமும் ஒன்றாக இருந்ததால் நுழைந்தது. பள்ளம் வேறாக இருந்திருந்தால் ஆட்டம் அதோடு முடிந்திருக்கும். ஐந்தில் இரண்டு தகடு தானாகவே பொருந்தியது. மற்ற மூன்றையும் இடம் மாற்றி மாற்றிப் போட்டதில் இன்னும் இரண்டு சமமாக வந்தன. கடைசி ஒன்று மட்டும் நகக்கண் அளவுக்குத் துருத்தியது. அரத்தால் ராவிச் சமமாக்கினேன். இப்படி ராவினால் பூட்டு கொஞ்சம் இளகும், வேறு சாவிக்கும் திறக்க வாய்ப்பு உண்டு. டேங்க் மூடிக்கு இது போதும், இக்னிஷனில் நான் செய்ய மாட்டேன்.

டுப்ளிகேட் போடப் போகிறவர்களுக்கு ஒன்று. தினமும் ஓட்டித் தேய்ந்த சாவியைக் கொடுத்தால் தேய்மானமும் சேர்ந்தேதான் நகலாகும். உள்ளே வைத்திருக்கும் தேயாத சாவியைக் கொடுங்கள், அல்லது சாவியோடு வந்த, சாவி நம்பர் பொறித்த சின்னத் தகடு இருந்தால் அதைக் கொடுங்கள். இம்மொபிலைசர் உள்ள வண்டி என்றால் கதையே வேறு. சாவித் தலையில் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணாவிட்டால் பூட்டு திறந்தும் எஞ்சின் பேசாது.

3 வருடத்தில் ஸ்விட்ச் எப்படி இருக்கிறது? போன வாரம் அளந்தபோது உள்ளே தொலைவது 0.2 வோல்ட்தான். சாவி கழன்று வருவதில்லை. ஒரு மழைக்காலத்தில் மட்டும் திருப்பக் கடினமாக இருக்க, எண்ணெய் விட்டேன். இரண்டு வாரம் வழுக்கியது, அப்புறம் புழுதியோடு சேர்ந்து பசையாகிவிட்டது. கிளீனர் அடித்துக் கழுவி கிராஃபைட் பொடி போட்ட பிறகு தொந்தரவு இல்லை. கொத்தாக ஆறேழு சாவி தொங்கவிடும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். குண்டு குழியில் அந்த எடை ஆடி ஆடித்தான் பழைய பூட்டு அவ்வளவு தேய்ந்தது என்பது என் சந்தேகம்.

சைடு பாக்ஸ் பூட்டை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அதன் பழைய சாவி வீட்டில் ஆணியில் தொங்குகிறது. டூல்கிட் இருப்பது அந்த பாக்ஸுக்குள். கிளட்ச் கேபிள் லூசாகி நடுவழியில் நின்ற அன்றைக்கும் சாவி ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.