சுங்கை சிப்புட் பேப்பர் கடையும் அதன் காலித் தட்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் எங்கள் பக்கத்துக் கடை வரிசையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு விளக்கெரியும் கடைகள் இரண்டுதான். ஒன்று ரொட்டி சானாய்க் கடை. மற்றொன்று அதற்கு மூன்று கடை தள்ளியிருக்கும் பேப்பர் கடை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. தோட்டத்திலிருந்து வருகிறவர்களும் தாமான் குடியிருப்பு வீடுகளில் இருப்பவர்களும் "பேப்பர் கடை" என்றே சொல்கிறார்கள். நான் தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன்; பள்ளிப் பருவம் முதல் இந்தக் கடையின் வாடிக்கையாளன். சாப்பாட்டுக் கடைக்கும் துணிக்கடைக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். செய்தி விற்கும் கடைக்கு ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

கடை மிகச் சிறியது. உள்ளே இருவர் நின்றால் மூன்றாமவர் கடைமுன் ஐந்தடி நடைபாதையில் காத்திருக்க வேண்டும். இடப்பக்கச் சுவர் முழுவதும் மர அடுக்கு. இப்போது கடை நடத்தும் அம்மாவின் தந்தை தச்சரை உட்காரவைத்துச் செய்வித்தது. மொத்தம் பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் அதில் வைக்கவேண்டிய நாளிதழின் பெயரைச் சிவப்புச் சாயத்தில் அவரே எழுதியிருக்கிறார். சீன எழுத்துகளை மட்டும் எதிர்க்கடைக்காரர் எழுதிக் கொடுத்தாராம். மூன்றாவது வரிசையில் இடது ஓரத் தட்டில் "தமிழ் நேசன்" என்று இருக்கிறது. "மி" கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. அந்த நாளிதழ் நின்றுபோனதால் அந்தத் தட்டு 2019 பிப்ரவரி முதல் காலி. அதில் வேறு எதையும் வைக்க அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. காலையில் கடைக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது அங்கேதான்.

தோட்டப் பள்ளி எனக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக் கொடுத்தது. தடுமாறாமல் வாசிக்கக் கற்றுக் கொடுத்தது நேசன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எட்டு வீடுகள் சேர்ந்து ஒரு பேப்பர் வாங்கினோம். ரப்பர் பால் வெட்டி வந்து, குளித்து, சாப்பிட்டபின் பெரியவர்கள் எல்லோரும் படியில் உட்காருவார்கள். நான் மண்ணெண்ணெய் விளக்கடியில் நின்று தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரை உரக்க வாசிக்க வேண்டும். மாதக் கடைசியில் வீட்டுக்கு இவ்வளவு சென் என்று என் தாத்தா வசூலிப்பார். ஒரு மாதம் கொடுக்க முடியாதவர் வீட்டையும் வாசிப்புக்குக் கூப்பிடாமல் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது: பேப்பருக்குக் காசு கொடுப்பவர்கள் நாங்கள், ஆகவே பேப்பர் எங்களுடையது. அது பாதிதான் உண்மை என்று தெரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அந்தப் பாதியைக் கட்டு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியவர் இந்தக் கடைக்காரரின் தந்தை. நாம் கொடுக்கும் விலையில் கடைக்குக் கழிவுத்தொகை போகிறது, விநியோகஸ்தருக்குப் போகிறது, இரவோடிரவாகக் கோலாலம்பூரிலிருந்து கொண்டுவரும் வண்டிக்குப் போகிறது. விற்காமல் திரும்பும் பிரதிகளின் நட்டமும் இருக்கிறது. மிஞ்சுகிற சில்லறை காகிதத்துக்கும் மைக்குமே காணாது. நிருபரின் சம்பளம், ஆசிரியரின் சம்பளம், அச்சகத்தின் மின்கட்டணம் எல்லாம் வேறு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். "விலையை நீ கொடுக்கிறாய் தம்பி, செலவை வேறொருவர் கொடுக்கிறார்" என்றார். அந்த வேறொருவர் யார் என்று கேட்டபோது பேப்பரைத் திருப்பி விளம்பரப் பக்கத்தைக் காட்டினார்.

தமிழ்ப் பேப்பரின் விளம்பரப் பக்கங்களை நான் எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். கார், வங்கி, கைத்தொலைபேசி விற்கும் பெரிய நிறுவனங்கள் நம் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு. வருபவை நகைக்கடை, ஜவுளிக்கடை, ஜோதிடம், கோயில் திருவிழா, டத்தோ பட்டம் பெற்றவருக்கு முழுப்பக்க வாழ்த்து, தலைவரின் பிறந்தநாள், தீபாவளி வந்தால் அமைச்சர்கள், கட்சிக் கிளைகள். இவற்றோடு கண்ணீர் அஞ்சலி. இறந்துபோன தாயின் படத்தைப் போட ஒரு குடும்பம் கொடுக்கும் காசு எந்தச் செய்தியையும் நிறுத்தச் சொல்லாது; அந்தக் காசை நான் மதிக்கிறேன். முழுப்பக்க வாழ்த்துக்காரரின் காசு அப்படியில்லை. அவர் எதையும் வாய்விட்டுக் கேட்கவே வேண்டாம். அடுத்த ஆண்டும் அந்தப் பக்கம் வர வேண்டுமே என்ற நினைப்பு ஆசிரியரின் மேசையில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. முப்பது நாற்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தவர்களுக்கு மாற்று வீடு பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. நாங்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு நாளிதழின் நிருபர் வந்தார். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. இளம் பிள்ளை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைத் திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, வேலை செய்த ஆண்டு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சம்பளச் சீட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் விடியுமுன் நாங்கள் பதினைந்து பேர் இந்தக் கடை வாசலில் நின்றோம். கட்டைப் பிரித்துப் பார்த்தால் செய்தி இல்லை. அடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் அந்தப் பிள்ளை தொலைபேசியில் அழைத்து, "ஐயா, எழுதிக் கொடுத்துவிட்டேன், மேலே நிறுத்திவிட்டார்கள், என்னை மன்னித்துவிடுங்கள்" என்றார். அந்த வாரமே தோட்டத்தை வாங்கிய நிறுவனத்தின் தீபாவளி வாழ்த்து, குத்துவிளக்கும் மயிலுமாக, வண்ணத்தில் முழுப்பக்கம் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து இன்னும் வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமே இல்லை. அவருடைய சம்பளம் அந்தக் குத்துவிளக்கிலிருந்துதான் வந்தது.

இனி அடுக்குக்கு வருகிறேன். நேசன் தட்டுக்கு மேலே "உத்துசான்" என்று எழுதிய தட்டு. 1939இல் தொடங்கிய மலாய் நாளிதழான உத்துசான் மலாயுவை 1961இல் ஆளும் மலாய்க் கட்சியான அம்னோ தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றபோது ஆசிரியர் சைட் ஸஹாரி தலைமையில் பத்திரிகையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று மாதம் தாக்குப்பிடித்தார்கள், தோற்றார்கள். அதன்பின் அந்த நிறுவனம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆளும் கட்சியின் நிழலில் வாழ்ந்தது. 2018 மே மாதம் ஆட்சி கவிழ்ந்தது. 2019 அக்டோபரில் நிறுவனம் மூடப்பட்டது. ஊழியர்கள் சம்பளப் பாக்கியோடு தெருவில் நின்றார்கள். பின்னர் வேறு கைகளுக்குப் போய் அந்தப் பெயரில் பேப்பர் மறுபடி வருகிறது. ஆனால் நிழல் கொடுத்த மரம் சாய்ந்தால் நிழலில் நின்றவர் கதி என்ன என்பதை நாங்கள் இந்த அடுக்கிலேயே பார்த்துவிட்டோம்.

நேசன் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கம். 1924இல் தொடங்கிய நாளிதழ் அது. பிற்காலத்தில் டத்தோ ஸ்ரீ ச. சாமிவேலு குடும்பத்தின் வசம் இருந்தது. அவர் 1974 முதல் 2008 வரை எங்கள் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்; ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சித் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். ஒருவர் குடும்பமே பேப்பருக்கும் உரிமையாளர், அவரே நம் பிரதிநிதி என்றால், நம் ஊர்ச் சாலை குண்டும் குழியுமாக இருப்பதை எந்த ஆசிரியரால் கை நடுங்காமல் எழுத முடியும்? ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நட்டத்தில் ஓடும் தமிழ் நாளிதழை யாராவது தூக்கிப் பிடிக்காவிட்டால் எங்கள் எழுத்தாளர்களின் கதைகளும் கவிதைகளும் எங்கே அச்சேறியிருக்கும்? புரவலர் கையில் இருந்ததால் பேப்பர் உயிரோடு இருந்தது. அதே காரணத்தால் அது பேச முடியாத விஷயங்களும் இருந்தன. இரண்டும் ஒரே காசின் வேலை. 2019 ஜனவரி 31 அன்று கடைசி இதழை இந்த அம்மா எனக்காக இரண்டு பிரதி எடுத்து வைத்திருந்தார்.

1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை என்ற போலீஸ் கைது வேட்டையின்போது தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமமும் பறிக்கப்பட்டது. அந்த மூன்று தட்டுகளையும் தம் அப்பா வெறுமையாகவே விட்டுவைத்திருந்தார் என்று கடைக்கார அம்மா சொன்னார். ஸ்டார் திரும்பி வர 1988 மார்ச் ஆகிவிட்டது. ஐந்து மாதம் அச்சடிக்காவிட்டால் எந்த நிறுவனமும் ஆடிப்போகும். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி உரிமத்தை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012இல்தான் அந்தக் கட்டாயம் போயிற்று. உரிமம் என்பது அரசியல் விவகாரம் என்று மட்டும் நினைக்கிறோம். வருடா வருடம் கதவு மூடப்படலாம் என்றிருக்கும் தொழிலில் யார் துணிந்து பணம் போடுவார்? அமைச்சருக்கு வேண்டியவரோ கட்சியோதான் போடுவார். ஸ்டாரின் மிகப் பெரிய பங்குதாரர் ம.சீ.ச. (மலேசிய சீனர் சங்கம்) என்ற கட்சி என்பது ஊரறிந்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு அடியில், இதற்கான ஒரு காகித அறிவிப்பு இருக்கிறது: இணையச் செய்தித்தளங்களுக்குச் சந்தா கட்டத் தெரியாத முதியவர்களுக்கு இந்த அம்மாவின் மகள் கட்டிக் கொடுக்கிறாள், கூலி வாங்காமல். பேப்பர் விற்கும் கடையே பேப்பருக்குப் போட்டியானதை விற்கலாமா என்று கேட்டேன். "படிக்கிறவர் காசு கொடுத்துப் படிக்கட்டும் கிராணி ஐயா, எதில் படித்தால் என்ன?" என்றார் அந்த அம்மா. என் மலேசியாகினிச் சந்தாவையும் மகள்தான் கட்டினாள். 1999 நவம்பரில் தொடங்கிய தளம் அது. அச்சு உரிமம் தேவைப்படாததால் பிழைத்தது. 2002இல் வாசகரிடம் சந்தா கேட்கத் துணிந்தது. வெளிநாட்டு உதவியும் முதலீடும் அதற்கு வந்தன. அதற்காக அரசியல் மேடைகளில் வசையும் வாங்கியது. காசு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கேட்க வாசகருக்கு உரிமை உண்டு. எல்லாப் பத்திரிகையையும் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதே என் வாதம். 2021 பிப்ரவரி 19 அன்று, வாசகர்கள் இட்ட கருத்துகளுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தளத்துக்கு ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அன்றே சில மணி நேரத்துக்குள் வாசகர்கள் அந்தத் தொகையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். நான் இருபது ரிங்கிட் அனுப்பினேன். எட்டு வீட்டுச் சில்லறையைத் துண்டில் முடிந்துகொண்டு நின்ற என் தாத்தாவின் கை அன்று நினைவுக்கு வந்தது.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மழை நாளில் வெளித் தட்டுப் பேப்பர்கள் ஈரமாகிவிடுகின்றன; ஒரு பிளாஸ்டிக் திரை போட எவ்வளவு ஆகும்? தமிழக வார இதழ்கள் மிகவும் தாமதமாக வருகின்றன, வந்தாலும் இரண்டே பிரதி. வாசலில் இருந்த பலகை பெருந்தொற்றுக் காலத்தில் எடுக்கப்பட்டது, மீண்டும் போடப்படவில்லை. அந்தப் பலகையில் உட்கார்ந்து ஒருவர் வாங்கியதை நால்வர் படித்து வாதாடிய காலைப் பொழுதுகள் போய்விட்டன. பலகையைத் திரும்பப் போடும்படி அந்த அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களும் கேளுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். 2022 பொதுத்தேர்தல் நேரத்தில் ஒரு காலை நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது வேனில் இருவர் வந்தார்கள். அன்றைய தமிழ்ப் பேப்பர் அத்தனையும் வேண்டும், வேட்பாளரின் துண்டறிக்கையை உள்ளே செருகி வீடு வீடாக இலவசமாகக் கொடுக்க வேண்டும், விலைக்கு மேலும் தருகிறோம் என்றார்கள். அந்த அம்மா கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, "சந்தாக்காரர்களுக்குப் போக மிச்சம் இருந்தால் அச்சிட்ட விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். துண்டறிக்கையை என் கடையில் வைத்துச் செருகாதீர்கள்" என்றார். அவர்கள் போனபின் "ஏன் தங்கச்சி, நல்ல வியாபாரம்தானே?" என்றேன். "நாளைக்கு அவர்கள் வேண்டாம் என்கிற பேப்பரை நான் தட்டில் வைக்க வேண்டாமா ஐயா?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அறுக்கத் தொடங்கினார்.

இப்போது ஒரு சிக்கல். தோட்டப்புறத்துக்கு மோட்டார் சைக்கிளில் பேப்பர் போடும் தம்பிக்கு எண்ணெய்ச் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. முன்பு அறுபது வீட்டுக்குப் போட்டவர், இன்று பதினெட்டு வீட்டுக்குப் போடுகிறார். குறைந்தது முப்பது வீடாவது இருந்தால்தான் அடுத்த மாதமும் அந்தப் பக்கம் வண்டி போகும். நான் என் வீட்டுக்கு ஒன்றும், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்கு ஒன்றுமாக இரண்டு சந்தா எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து பச்சை அட்டைக் கணக்குப் புத்தகத்தில் பெயரும் வீட்டு எண்ணும் எழுத வேண்டும். காலை ஐந்தரை முதல் பகல் ஒரு மணி வரை கடை திறந்திருக்கும். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் மட்டும் விடுமுறை. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு பேப்பர் வாங்கினாலும் எழுதிக்கொள்வார். எந்த வீட்டு வாசலில் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.