வெப்பநிலைத் தாவல்: சூத்திரமா, டிஎஸ்எம்சியா?

1 மைக்ரோமீற்றர் இடைவெளியில் காற்று, ஒரு சுவர் மற்றதை விட 10 கெல்வின் சூடு, எவ்வளவு வெப்பம் கடக்கும்? இந்த ஒரே கணக்கைத் திருகோணமலை உவர்மலை வீட்டில் இருக்கும் என் மடிக்கணினியில் இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தேன்: ஒன்று சுவரோர விளைவைச் சேர்த்துக்கொள்ளும் சூத்திரம், மற்றது துகள்களைக் கணினியில் ஓடவிடும் டிஎஸ்எம்சி (DSMC, Direct Simulation Monte Carlo). இப்போது நான் சூத்திரத்தின் பக்கம்.

சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதாமல் ஓடும் தூரம் சராசரியாக 68 நனோமீற்றர். அதை இடைவெளியால் வகுத்தால் நூட்சன் எண் 0.068. இது 0.001ஐத் தாண்டும்போதே சுவரும் அதை ஒட்டிய வாயுவும் ஒரே வெப்பநிலை என்ற எடுகோள் ஆட்டம் காணத் தொடங்கும், சுவரிலேயே வெப்பநிலையில் ஒரு திடீர்த் தாவல் வரும். 1898இல் ஸ்மொலுகோவ்ஸ்கி என்ற இயற்பியலாளர் அளந்து காட்டியது அதைத்தான்.

டிஎஸ்எம்சி, கிரேம் பேர்ட் என்ற ஆய்வாளர் 1963இல் தொடக்கிவைத்த முறை. கணினிக்குள் துகள்களை ஓடவிட்டு மோதவிடுகிறோம், ஒவ்வொரு துகளும் ஏராளமான உண்மையான மூலக்கூறுகளுக்குப் பதிலாள். தாவலை நாம் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், தானாக வரும். அழகான முறை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் இரைச்சல், அதாவது துகள்களின் தற்செயல் ஓட்டத்தால் விடையில் வரும் நடுக்கம், இருக்கிறதே, என் முடிவை மாற்றியது அதுதான். இந்தக் கணக்கில் ஒவ்வொரு சுவரிலும் வரும் தாவல் 0.9 கெல்வின் அளவுதான், அதுவும் 300 கெல்வினில் துள்ளிக்கொண்டிருக்கும் துகள்களுக்கு நடுவில். அதை 0.05 கெல்வின் துல்லியத்தில் பார்க்க ஒவ்வொரு செல்லிலும் (இடைவெளியைப் பிரித்த சிறு கூறு) சுமார் 1.4 கோடி மாதிரிகள் சேர வேண்டும். செல்லுக்கு 20 துகள் வைத்தால் ஒன்றையொன்று சாராத 7 லட்சம் படிகள், அடுத்தடுத்த படிகள் அப்படிச் சாராமல் இருப்பதில்லை என்பதால் உண்மையில் ஓட்டவேண்டியது இன்னும் அதிகம். பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஓட்ட வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் மூன்று நாள் விடாமல் ஓடிய கணினி தொட முடியாத சூடு, வரைபடத்தைத் திறந்தால் தாவல் எது, நடுக்கம் எது என்றே பிரிக்க முடியவில்லை. சுவர்களின் வித்தியாசம் 100 கெல்வினாக இருந்திருந்தால் அதே தெளிவுக்கு நூறில் ஒரு பங்கு மாதிரி போதும், அப்போது நானும் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

சூத்திர வழியில் பாய்ம ஓட்டத்துக்கான வழமையான நவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளே, சுவரில் மட்டும் தாவலின் அளவைச் சொல்லும் ஸ்மொலுகோவ்ஸ்கி நிபந்தனை. ஓப்பன்ஃபோம் (OpenFOAM) என்ற பாய்மக் கணிப்பு மென்பொருளில் அது தயாராக இருக்கிறது. இந்த எளிய வடிவத்துக்கு அதுவும் வேண்டாம், ஒரு தாள் போதும். தாவலைச் சுவருக்குப் பின்னால் ஒட்டிய கூடுதல் காற்றுப் படையாக எண்ணுங்கள். வந்து மோதும் மூலக்கூறைச் சுவர் முழுக்கத் தன் வெப்பநிலைக்குக் கொண்டுவருகிறது என்று எடுத்தால், அந்தப் படையின் தடிப்பு 68 நனோமீற்றரின் 1.64 மடங்கு, அதாவது 0.11 மைக்ரோமீற்றர். இரு பக்கமும் சேர்த்து 0.22. ஆக 1 மைக்ரோமீற்றர் இடைவெளி 1.22 போல நடந்துகொள்ளும், வெப்பம் 18% குறையும். இடைவெளி 10 மைக்ரோமீற்றர் என்றால் குறைவு 2% தான்.

சரி, சூத்திரம் எங்கே கைவிடும்? நூட்சன் எண் 0.1ஐத் தாண்டினால் அதை நம்பிப் போகாதீர்கள். அதிர்ச்சி அலையின் உள்ளமைப்பு, உயரத்தில் பறக்கும் விண்கலம் எல்லாம் டிஎஸ்எம்சியின் இடம். நான் அந்தப் பக்கம் கணக்குப் போட்டதில்லை, படித்ததை வைத்துச் சொல்கிறேன். 0.068 உள்ளே இருந்தாலும் விளிம்புக்குக் கிட்டத்தான். இன்னொன்று, சுவரை ஒட்டிச் சூத்திரம் தரும் வாயு வெப்பநிலை, உள்ளேயிருந்து கோட்டை நீட்டிப் பெற்றது. அந்த மெல்லிய படைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் துகள்களிடம்தான் போகவேண்டும்.

இரண்டு வழிக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு: சுவர் மூலக்கூறை எவ்வளவு தூரம் தன் வெப்பநிலைக்கு இழுக்கிறது என்ற இசைவுக் குணகம். அதை 1 என்று எடுத்தேன், 0.8 என்று வைத்தால் 18% என்பது 25% ஆகிவிடும். சுத்தமான தங்குதனில் ஹீலியத்துக்கு அது 0.02 அளவுக்கே இறங்கும். என் சுவருக்கு எவ்வளவு என்று நான் அளக்கவில்லை, டிஎஸ்எம்சியும் அதை என்னிடம்தான் கேட்கிறது.